மா டின் உட்கார்ந்திருந்த ஜப்பான்

சென்ற மாதம் ஒரு முற்பகலில், புதுக்கோட்டையில் நான் குடியிருக்கும் வீட்டு வாசலில் தோட்டத்துக் காவல்காரர் கருப்பையா வந்து நின்றார். திருமயம் பஸ்ஸில் வந்து இறங்கி நேராக நடந்து வந்திருக்கிறார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "பர்மாம்மா காலையில போயிட்டாங்க டீச்சரம்மா. எரிக்கிறதா பொதைக்கிறதான்னு தெரியல. ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஒங்களக் கேட்டுட்டு வரச் சொன்னாங்க" என்றார்.

பர்மாம்மா என்று அவர்கள் அழைத்த மா டினே அதற்கான பதிலை முன்பு என்னிடம் சொல்லி வைத்திருந்தார். "எரிச்சிருங்க மிஸ்ஸம்மா. மண்ணுக்குள்ள வச்சா அப்பறமும் இந்தத் தோட்டத்துலதான கெடக்கணும்?" எரிக்க வேண்டும் என்பதை மட்டும் கருப்பையாவிடம் சொன்னேன். காரணம் அவர் கேட்கவில்லை. அடுத்த பஸ்ஸில் நானும் கூடப் போனேன்.

இதைப் படிப்பவர்களில் பலர் மா டினைப் பார்த்திருப்பீர்கள். அரிமளத்துக்கும் திருமயத்துக்கும் நடுவே, எங்கள் முதலாளி அமைத்த தேசத் தோட்டத்துக்குப் பங்குனியிலும் சித்திரையிலும் வண்டி கட்டிக்கொண்டு வந்திருப்பீர்கள். யுத்தத்தில் பர்மாவிலிருந்த சொத்தையெல்லாம் இழந்தவர் முதலாளி. மிச்சமிருந்ததைக் கொண்டு வேறு எவராயிருந்தாலும் ஓர் அரிசி மில் வைத்திருப்பார்கள். அவர் பொட்டல் காட்டில் வேலி போட்டுத் தேசங்களைக் கட்டினார். முதலில் பர்மா: செங்கல்லில் ஒரு கோபுரம், பொன் வர்ணப் பூச்சு, மூங்கில் வீடு. பிறகு இலங்கை, அங்கே தொட்டியில் வைத்த தேயிலைச் செடிகள் முதல் கோடையிலேயே கருகிப்போயின, சுண்ணாம்பு யானை மட்டும் நின்றது. பிறகு மலாயா. ஒவ்வொரு தேசத்துக்கும் வாசலில் ஒரு பலகை உண்டு. அவற்றை எழுதியதும், டிக்கெட் கொடுத்ததும், முதலாளியின் பெண்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்ததும் நான். கணவர் காலமான பிறகு எனக்குக் கிடைத்த வேலை அது. தோட்டத்துக்குள்ளேயே ஓர் அறையும் கொடுத்தார்கள்.

பர்மாவின் மூங்கில் வீட்டில் உட்கார்ந்து சுருட்டுச் சுற்றியவர்தான் மா டின். அவர் கணவர் அரிமளத்துக்காரர்; ரங்கூனில் முதலாளியின் கடையில் கணக்கப்பிள்ளை. முதலாளி யுத்தத்துக்கு முன்பே கப்பலேறிவிட்டார். கணக்கப்பிள்ளையும் மா டினும் மலை வழியாக நடந்து வந்தார்கள். ஊர் வந்து சேர்ந்த சில மாதங்களில் கணவர் காய்ச்சலில் போய்விட்டார். அரிமளத்து வீட்டில் மா டினைச் சேர்த்துக்கொள்ளவில்லை. முதலாளி கூப்பிட்டு மூங்கில் வீட்டைக் கொடுத்தார்.

சுருட்டுச் சுற்ற அவருக்குத் தெரியாது. "எங்க வீட்ல லுங்கிக் கடை மிஸ்ஸம்மா. சுருட்டு பிடிப்போம், சுத்துனதில்ல" என்று என்னிடம் சொன்னார். முதலாளி திருச்சியிலிருந்து ஒருவரை வரவழைத்து, பர்மாக்காரிக்குச் சுருட்டுச் சுற்றக் கற்றுக் கொடுத்தார்.

எங்கள் முதல் சண்டை பலகையால் வந்தது. 'பர்மா தேசத்துப் பெண்மணி சுருட்டுச் சுற்றும் காட்சி' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி அவர் வீட்டு முன்னால் நட்டிருந்தேன். அவருக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். படித்துக் காட்டினேன்.

"கோபுரத்துக்கு ஒரு பலகை. யானைக்கு ஒரு பலகை. எனக்கும் ஒண்ணா?"

"முதலாளி எழுதச் சொன்னார்."

"நான் பர்மா இல்ல மிஸ்ஸம்மா. பர்மாவுல இருந்த ஒரு பொம்பள."

மறுநாள் முதல் குளித்துவிட்டு வந்து ஈர லுங்கியை அந்தப் பலகையின் மேல் காயப் போட்டார். நான் எடுத்து மடித்து வைப்பேன். அவர் மறுபடி போடுவார். "காத்து அங்கிட்டுத்தான் நல்லா அடிக்குது" என்பார். கடைசியில் நான் விட்டுவிட்டேன். அந்தப் பலகையை உலர்ந்த நிலையில் பார்த்தவர்கள் குறைவு.

தமிழை அவர் கணவரிடமும் கடைப் பையன்களிடமும் கற்றவர். கோபம் வந்தால் கடைத்தெரு ஆண்கள் வைவதுபோலவே வைவார். கன்னியர் நடத்திய பள்ளியில் படித்த எனக்கு அது முதலில் பெரிய சங்கடமாக இருந்தது. நான் முகம் சுளிப்பதைப் பார்ப்பதற்காகவே சில சொற்களைப் பொறுக்கி எடுத்துச் சொல்வார். ரங்கூனில் கன்னத்தில் சந்தனம்போல ஒரு மரக்குழம்பைப் பூசிக்கொள்வாராம். அந்த மரம் இங்கே கிடையாது. அகப்பட்ட மரப்பட்டையெல்லாம் உரசிப் பார்த்து, ஒன்றும் ஒத்துவராமல், கடைசியில் சந்தனத்தையே பூசினார். அந்த மணம் வேறு என்று குறைபட்டுக்கொண்டே பூசுவார்.

முதலாளி கெட்டவர் அல்லர். மா டினுக்குக் காய்ச்சல் என்றால் டாக்டரை அழைத்துவர வண்டி அனுப்புவார். பர்மா தனி நாடானதும் மா டின் அந்நிய நாட்டவராகிவிட்டார். ஆண்டுதோறும் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய், 'இவர் என் பொறுப்பு' என்று கையெழுத்துப் போட்டவர் முதலாளிதான். அந்தக் கையெழுத்து இல்லையென்றால் மா டின் எங்கே போவது? ரங்கூனுக்குத் திரும்ப வழியில்லை. அரிமளத்தில் கதவு திறக்காது. சாயங்காலம் கருப்பையா வெளிக் கேட்டைப் பூட்டிச் சாவியை முதலாளியின் பெரிய வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார். உள்ளே நாங்கள் இருவர். நல்லவர் ஒருவரிடம் அகப்பட்டுக்கொண்டால் திட்டவும் முடியாது.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், முதலாளி சென்னையில் ஏதோ பொருட்காட்சி பார்த்துவிட்டு வந்து, "அடுத்து ஜப்பான்" என்றார். வளைந்த மரப் பாலம் ஒன்று லாரியில் வந்தது. அதற்காகக் குளம் வெட்டினார்கள். காகிதச் சட்டம் வைத்த வீடு, காகித விளக்குகள். ஜப்பானில் மரம் நிறையப் பூத்திருக்க வேண்டுமாம். இருந்தவை கருவேல மரங்கள். ரோஜா நிறக் காகிதத்தை வெட்டி அவற்றின் முள்ளில் குத்தினார்கள். நூல் தேவைப்படவில்லை. காற்றடித்தால் பூவெல்லாம் பறந்து பர்மாவில் விழும்; மா டின் பெருக்கித் தள்ளுவார்.

எல்லாம் முடிந்த பிறகு முதலாளி ஒரு பட்டு அங்கியை எடுத்துக்கொண்டு மூங்கில் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"ஏத்தா, பர்மாவுல உக்காந்தது போதும். இனிமே இங்கிட்டு ஜப்பான்ல உக்காரு. ஒனக்கு மொகம் தோதா இருக்கு."

மா டின் சுருட்டைக் கீழே வைத்தார். "ஜப்பான்காரன் என்னைய மாதிரியா இருப்பான் முதலாளி?"

"கண்ணு அதேதானத்தா."

"அவன் கண்ண நான் பாத்ததில்ல. மேல பறந்தான்."

முதலாளி சிரித்தார். நல்ல வேடிக்கை என்று நினைத்துக்கொண்டார். ரங்கூனில் ஜப்பான் விமானங்களின் குண்டு விழுந்தபோது அவர் அங்கே இல்லை. மா டினின் தங்கை அந்தக் குண்டில் இறந்தவள் என்பது அவருக்குத் தெரியாது. அதுவரை எனக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். அங்கியைக் கயிற்றுக் கட்டில் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"நீங்கள் போகாதீர்கள்" என்றேன்.

"போகலேன்னா?"

வேலிக்கு வெளியே எனக்கும் இடம் கிடையாது. அவரே அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒங்களுக்கு இன்னும் ஒரு தேசம் கட்டலையேன்னு சந்தோசப்படுங்க மிஸ்ஸம்மா."

திறப்பு விழாவுக்கு ஓர் அதிகாரி குடும்பத்தோடு வந்திருந்தார். மா டின் தம் லுங்கியின் மேலேயே அங்கியைப் போட்டுக்கொண்டு, கன்னத்தில் சந்தனத்தோடு காகித வீட்டில் உட்கார்ந்திருந்தார். அதிகாரியின் மனைவி அன்பாகக் கேட்டார்: "ஜப்பான்லேருந்து எப்பங்க வந்தீங்க?"

"நான் வரலம்மா. ஜப்பான்தான் எங்க ஊருக்கு வந்துச்சு."

பிறகு, யாரும் கேட்காமலேயே, சொல்லத் தொடங்கினார். காலை நேரம். கடையில் இவர் துணி மடித்துக்கொண்டிருக்கிறார். வானத்தில் வெள்ளையாக, வரிசையாகப் பறந்ததைப் பார்க்கத் தெருவெல்லாம் ஜனம். யாருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. கை தட்டுகிறார்கள். தங்கை, "அக்கா, வந்து பாரு" என்று கூப்பிடுகிறாள். இவர், "இந்த மடிப்ப முடிச்சிட்டு வாரேன்" என்கிறார். அவ்வளவுதான் கதை. அதிகாரியின் மனைவி அழுதுவிட்டார். பாலத்தில் நின்றவர்களெல்லாம் இறங்கி வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

முதலாளி கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். சாயங்காலம் அவரே காப்பி டம்ளரோடு வந்தார். அவருடைய கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "நல்லாச் சொன்னத்தா. கல்லும் கரையும். காலையில ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி சொல்லிரு."

என் பக்கம் திரும்பி, நேரத்தைப் போட்டு ஒரு பலகை எழுதச் சொன்னார். முடியாது என்றேன். வேறு ஆளை வைத்து எழுதினார். அதில் இரண்டு பிழைகள் இருந்தன. திருத்தித் தரும்படி என்னிடமே கொண்டுவந்தார்கள். திருத்தவில்லை.

அந்தக் கோடை முழுவதும் மா டின் அதைச் சொன்னார். கறம்பக்குடியிலிருந்தும் வல்லத்திராக்கோட்டையிலிருந்தும் அதைக் கேட்கவே ஜனங்கள் வந்தார்கள். கேட்டுவிட்டு இரண்டாம் முறை வந்தவர்களும் உண்டு. அப்படி வந்த ஓர் அம்மாள் ஒருநாள் நடுவில் நிறுத்தி, "போன தடவ தங்கச்சி செவப்புத் துணி கட்டியிருந்தான்னு சொன்னீங்களே, இன்னைக்கி அத விட்டுட்டீங்க" என்றார். பின்னால் நின்றவர்களும் ஆமாம் என்றார்கள். மா டின், "ஆமா, செவப்பு" என்று சேர்த்துச் சொல்லி முடித்தார்.

கூட்டம் கலைந்த பிறகு அங்கியோடு என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அவர் அழுது நான் பார்த்ததில்லை; அன்றும் அழவில்லை.

"மிஸ்ஸம்மா, இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. அவ செவப்புத்தான் கட்டியிருந்தாளா, இல்ல இந்தக் கூட்டத்துக்காக நான் கட்டி விட்டேனா?"

மறுநாள் காலை வழக்கம்போல உட்கார்ந்தார். வழக்கம்போலத் தொடங்கினார். ஆனால் பர்மா மொழியில். ஜனங்கள் முதலில் ஏதோ புது ஏற்பாடு என்று நினைத்துப் பொறுமையாக நின்றார்கள். பிறகு நெளிந்தார்கள். "ஏங்க, தமிழ்ல சொல்லுங்க. வெயில்ல வந்திருக்கோம்ல" என்று ஒருவர் சத்தம் போட்டார். முதலாளி ஓடி வந்தார்.

"என்னத்தா இது? யாருக்குப் புரியும்?"

"அங்க நடந்தது முதலாளி. அந்தப் பேச்சுலதான் சரியா வருது. சொல்ல மாட்டேன்னு சொல்லல. சொல்லிக்கிட்டுத்தான இருக்கேன்?"

சாயங்காலமும் பர்மா மொழிதான். அடுத்த நாளும் அப்படியே. பிள்ளைகள் பாலத்துக்குப் போய்விட்டார்கள். பிள்ளைகளைத் தேடிப் பெண்கள் போனார்கள். வாரம் முடிவதற்குள் பெஞ்சில் நான் ஒருத்திதான். நான் எதிரில் இருந்ததாலோ என்னவோ, அன்று அவர் ஒன்றையும் சுருக்கவில்லை. தமிழில் சொன்னதைவிட மிக நீளமாக இருந்தது. இடையில் ஓரிடத்தில் சிரித்தார். தமிழில் சொன்னபோது சிரிக்கும் இடமே இருந்ததில்லை. ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. அது தங்கையின் பெயர் என்று புரிந்துகொள்ள எனக்குச் சற்று நேரமாயிற்று. அந்தக் கோடையில் தமிழில் சொன்ன ஒரு தடவைகூட அவர் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கவில்லை. தங்கச்சி என்றுதான் சொன்னார்.

முதலாளி பலகையை எடுத்துவிட்டார். அங்கி பெட்டிக்குள் போயிற்று. மா டின் மூங்கில் வீட்டுக்குத் திரும்பினார். விடுதலை என்று அதைச் சொல்ல முடியாது. ஜப்பானிலிருந்து பர்மாவுக்கு, ஒரே வேலிக்குள். ஆனாலும் அன்று அவர் லுங்கியைப் பலகை மேல் உதறிப் போட்ட விதத்தில் ஒரு மிடுக்கு இருந்தது.

அதன் பிறகு முதலாளி காலமானார். பிள்ளைகள் தோட்டத்தை மூடிப் பாலத்தை விற்றுவிட்டார்கள். மா டினைப் போகச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. அழைத்துப் போகவும் யாரும் இல்லை. என் தமக்கை மகள் கூப்பிட்டு நான் புதுக்கோட்டைக்கு வந்தபோது, என்னோடு வரும்படி கேட்டேன். "ஒங்க வீட்ல நான் எந்த மூலையில உக்காரணும்?" என்று சிரித்தார். வரவில்லை. பர்மாவிலிருந்து நம்மவர்கள் கப்பல் கப்பலாகத் திரும்பிய வருஷம், கறம்பக்குடிப் பக்கம் குடியேறியிருந்த ஒரு குடும்பத்திடம் அவரை அழைத்துப் போனேன். அந்த வீட்டுக் கிழவியோடு ஒரு பகல் முழுவதும் பேசினார். திரும்பும்போது பஸ்ஸில் குரல் கம்மிப் போயிருந்தது. "எங்க தெருவுக்குப் பின்னாடித் தெரு அவங்க" என்றார். வெகு தூரம் போன பிறகு, "கடை இருந்த எடத்துல இப்ப என்னன்னு கேக்க மறந்துட்டேன்" என்றார். திரும்பிப் போய்க் கேட்கலாம் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார்.

அன்றுதான், அந்த பஸ்ஸில், தங்கையின் பெயரை நான் அவரிடம் சொல்லிக் காட்டினேன். இப்படித்தானா என்று கேட்டேன். இல்லை என்றார். பெயரின் இறுதியில் குரலை ஏற்றக் கூடாது, இறக்க வேண்டும் என்றார். மறுபடி சொன்னேன். மறுபடியும் இல்லை என்றார். என் உச்சரிப்பில் கான்வென்ட்டில்கூட எவரும் அவ்வளவு குற்றம் கண்டதில்லை. திருமயம் வருவதற்குள் ஒருவழியாகச் சரியாக வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "இத யாருக்கும் காட்டாதீங்க மிஸ்ஸம்மா" என்றார்.

மா டினிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் பெயர் ஒன்றுதான். அதை இங்கே எழுதவில்லை. காலையில் கதவைத் திறப்பதற்கு முன் ஒரு முறை வாய்விட்டுச் சொல்கிறேன். சில நாள் இறுதி ஏறிவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து சொல்கிறேன்.