ஆண் செடிக்கு இரண்டு நாள் அவகாசம்

ஜமைக்காவின் வெஸ்ட்மோர்லாந்து மலையில் உரிமம் வாங்கிக் கஞ்சா பயிரிடும் என் பெரியம்மா வெர்லீன், அதை ஒருநாளும் புகைத்ததில்லை. ஞாயிறு தவறாமல் தேவாலயத்தில் பாடுபவர். அவருடைய கலப்பினச் செடி குட்டை. ஒன்பது வாரத்தில் பூ முற்றிவிடும். புகைப்பவர்களுக்கு முதலில் பேச்சு வரும், பிறகு தூக்கம் வரும் என்பார்கள். ஆண் செடியின் மகரந்தம் பட்டால் பூவில் விதை பிடித்துவிடும்; விதை இருந்தால் பூ வாங்கும் கடைக்காரர் தொடமாட்டார். அதனால் பெரியம்மா தினமும் காலையில் ஆண் செடிகளைத் தேடிப் பிடுங்குவார்.

அந்தப் பூக்கள் விற்ற காசுதான் என்னை வேளாண்மை படிக்க வைத்தது. எங்கள் குடும்பத்தில் அதுதான் முதல் பட்டம். போன வருடம் பெரியம்மா காய்ச்சலில் படுத்தபோது தோட்டம் என் பொறுப்பானது. ஒரு செடி ஆணோ என்று சந்தேகம். ஆதாரமில்லாமல் பிடுங்குவது அறிவியல் அல்ல என்று உருப்பெருக்கியோடு இரண்டு நாள் காத்திருந்தேன். மூன்றாம் நாள் அது மகரந்தம் தூவிவிட்டது.

அறுவடையில் பூவுக்குப் பூ விதை.

"நாலு வருஷம் படிச்சியேடி, ஆம்பளை எதுன்னு தெரிய ரெண்டு நாளா?"

"உறுதி பண்ணணும்ல பெரியம்மா."

"அதான் தோட்டம் முழுக்க உறுதியாயிடுச்சே!"

கடைக்காரர் மூட்டைகளைத் திருப்பி அனுப்பினார். பெரியம்மா விதைகளை உதிர்த்து ஒரு புட்டியில் போட்டார்.

"கலப்பின விதை, ஒண்ணு மாதிரி ஒண்ணு வளராது," என்றேன். இதை மட்டும் சரியாகத்தான் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, புட்டியில் ரகத்தின் பெயராக என் பெயரை எழுதி ஒட்டினார்.