பேட்டரியின் பிளஸ் எந்தப் பக்கம்

சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பல்லி கத்துவதைவிடச் சின்னச் சத்தம்…

பழையதாக வாங்கிய எங்கள் முதல் கார், தன் பேட்டரி செத்துப்போனதை அப்படித்தான் சொன்னது. திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் நான் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்த காலம்.

வேறொருவர் அன்றைக்கே போய் வாங்கியிருப்பார். நான் மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். நீளம், அகலம், உயரம், ஆம்பியர் எல்லாம் நோட்டில் குறித்தேன். ஸ்கேல் மேல் சந்தேகம் வந்து, தையல் டேப்பால் மறுபடி அளந்தேன்.

என் மனைவி கமலத்துக்குப் பிறந்த ஊர் தொப்பம்பட்டி. "ஏனுங்க, பேட்டரி வாங்கறீங்களா, அதுக்கு ஜாதகம் பாக்கறீங்களா?" என்று சிரிப்பாள். உள்ளுக்குள் அவளுக்குப் பதற்றம்தான். அங்கே தங்கைக்கு வளைகாப்பு வைத்திருந்தார்கள். அம்மா இல்லாத வீடு. முதல் வளையலை அக்காவான இவள்தான் போட வேண்டும். கட்டுச்சோற்றுப் பாத்திரங்களோடு காரில் வருகிறோம் என்று சொல்லியும்விட்டாள்.

வளைகாப்புக்கு முந்தின நாள் மாலைதான், ஒருவழியாக, பேகம்பூர் பக்கம் ஒரு பாயின் கடைக்குப் போனேன். ஆசிட் நெடி தொண்டையைப் பிடித்தது.

"பிளஸ் வலதா, இடதா சார்?"

நோட்டைப் பார்த்து, "வலது" என்றேன்.

"நல்லாத் தெரியுமா? ஆசிட் ஊத்திட்டா திரும்ப எடுக்க மாட்டேன் சார்."

தெரியும் என்றேன். என் வாழ்நாளில் எதையும் அவ்வளவு உறுதியாகச் சொன்னதில்லை.

விடிந்ததும் மாட்டப் போனால், சிவப்புக் கேபிள் எட்டவில்லை. நாலு விரல் இடைவெளி. திருப்பி வைத்தால் கறுப்பு எட்டவில்லை. பிளஸ், மைனஸ் முனைகள் நம் பக்கம் இருக்கும்படி நின்றுதான் வலது, இடது பார்க்க வேண்டுமாம். நான் எதிர்ப்பக்கம் நின்று குறித்திருக்கிறேன். மாணவர்களுக்கு மின்சாரம் நடத்தியவன்…

"பஸ்ஸிலேயே போயிருவோமா?" என்றேன். கடையில் போய்க் கேட்க அத்தனை கூச்சம்.

கமலம் பட்டுப்புடவையோடு தெருவில் இறங்கி ஆட்டோவைக் கூப்பிட்டாள். பேட்டரியைக் காலடியில் வைத்துக்கொண்டு இருவரும் போனோம்.

பாய் பார்த்ததும், "என்ன சார், நேத்து அம்புட்டுத் தடவ கேட்டேன்ல?" என்றார். நான் குனிந்து பேட்டரியைத் தரையில் வைத்தேன்.

கமலம் முன்னால் போனாள். "அவரு மேல தப்பில்லீங்க பாய். நாந்தான் வலதுன்னு மாத்திச் சொல்லிப்போட்டேன். அவரு அப்படியே எழுதிக்கிட்டாரு. தங்கச்சிக்கு வளைகாப்புங்க… பன்னெண்டு மணிக்குள்ள நான் போய்ச் சேரோணும்."

அவள் ஒருநாளும் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தவள் இல்லை.

பாய் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"சரிம்மா, நீங்கதான் சொன்னீங்க. நம்பிட்டேன்! வளைகாப்புக்குப் போற வண்டிய மறிச்ச பாவம் எனக்கு எதுக்கு? செத்த நேரம் இருங்க, இடது பிளஸ்ல சார்ஜ் ஏத்துனது ஒண்ணு கிடக்கு."

தன் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்து மாட்டியும் கொடுத்தார்.

ஒட்டன்சத்திரம் தாண்டியதும் கேட்டேன். "எதுக்குப் பொய் சொன்ன?"

"உங்களுக்குத்தான் பேச்சே வரலீங்களே. ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

நன்றி சொல்லியிருக்கலாம். எந்த வார்த்தையில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பழனி வந்துவிட்டது…

பதினொன்றரைக்கு ஊர் சேர்ந்தோம். முதல் வளையலை அவளே போட்டாள்.

கமலம் போய் நான்கு வருஷமாகிறது.

போன வாரம் இப்போதைய காரிலும் பேட்டரி போய்விட்டது. போனில் கார் மாடலை மட்டும் சொன்னேன். அரைமணியில் வீட்டுக்கே வந்து மாட்டிவிட்டார்கள். யாரும் என்னிடம் வலதா, இடதா என்று கேட்கவில்லை.

பழைய பேட்டரியைத் தூக்கிக்கொண்டே மெக்கானிக் சொன்னார்: "பேட்டரி நல்ல பேட்டரிதான் சார். நீங்க வண்டிய எடுக்காமயே நிப்பாட்டி வச்சிருக்கீங்க. வாரத்துல ரெண்டு தடவையாச்சும் எங்கயாவது போயிட்டு வாங்க."

சரி என்றேன்.

எங்கே என்றுதான் இன்னும் முடிவு செய்யவில்லை.