வளையத்தைத் திருப்பாதவன்

ஹோமோல்யே மலையில் சனிக்கிழமைதோறும் பன்றி வேட்டைக்குக் கிளம்பும் கூட்டத்தில் ஒரே பெண் ஸ்தமேனா. அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கிறது என்று ஊரில் சொல்வார்கள். உட்காராமல் என்ன செய்யும்? மரம் வெட்டப் போன புருஷன் மரம் சாய்ந்து செத்தான். விட்டுப்போனது ஒரு துப்பாக்கியும் நாய்களும்தான். நாய்களோடு முட்புதருக்குள் இறங்கிப் பன்றியைக் கிளப்ப ஆண்கள் ஒருவரும் முன்வராத வருஷம் அவள் இறங்கினாள். தொடையில் பன்றி கிழித்த தழும்போடு இன்றும் இறங்கிக்கொண்டிருக்கிறாள்.

அந்தத் துப்பாக்கியில் தூரத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப் கிடையாது. குழல் முனையில் ஓர் இரும்பு முள், பின்னால் ஒரு வெட்டு. வெட்டுக்குள் முள்ளை நிறுத்திக் குறி பார்க்க வேண்டும். அவளுடைய நாய் காரோவ் கரிக்கட்டை மாதிரிக் கறுப்பு. பன்றியும் கறுப்பு. காரோவ் பன்றியை மடக்கி நிறுத்திக் குரைப்பான். அவள் பக்கத்தில் போய், இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு, நாய் விலகும் நேரம் பார்த்துச் சுடுவாள். ஒரு நாய்க்கும் இதுவரை கீறல் பட்டதில்லை.

அன்று காலை நெருப்பில் பன்றிக்கொழுப்பு வாட்டி, ராக்கியா சாராயத்தைச் சுற்றில் விட்டுக்கொண்டிருந்தபோது கொழுந்தன் மிலுதின் ஆரம்பித்தான். புது ஸ்கோப் வாங்கியதிலிருந்து அவன் வாய் சும்மா இருப்பதில்லை.

"இன்னுமா அண்ணி இந்த ஆணியை வச்சுக் காலத்தை ஓட்டுறீங்க? அண்ணன் இருந்திருந்தா அவரே ஸ்கோப் மாட்டியிருப்பாரு."

"உங்க அண்ணன் இருந்திருந்தா மொதல்ல உன் வாய்க்குப் பூட்டு மாட்டியிருப்பாரு. புதருக்குள்ள வந்து பாருடா, உன் குழாயில என்ன தெரியுதுன்னு."

"அது கிடக்கட்டும். உங்க ஆணி ஒண்ணாத் தெரியுதா, ரெண்டாத் தெரியுதா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவன் வாய்க்கு வந்ததைச் சொன்னான். அவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. இரண்டு குளிர்காலமாக அந்த முள் அவளுக்கு இரண்டாகத்தான் தெரிகிறது. யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் புதரிலிருந்து வெளியே நிறுத்திவிடுவார்கள். காரோவை வேறு எவனாவது கூட்டிக்கொண்டு போவான். அந்தப் பயம் அவளுக்கு. பயம் வந்தால் அவளுக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும்.

"போதும்பா," என்றான் கூட்டத்துத் தலைவன் ராதோமிர். "அவனவன் எடத்துக்குப் போங்க. கொம்பு ஊதுற வரைக்கும் ஒருத்தனும் நகரக்கூடாது."

நடுப்பகலில் ஓடைக்கு மேலே காரோவ் பன்றியை மடக்கினான். ஸ்தமேனா முட்செடிகளை விலக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். துப்பாக்கியைத் தோளில் ஏற்றினாள். காரோவ் ஒரு பக்கமாக ஒதுங்கினான். அதுதான் நேரம். ஆனால் முள் இரண்டாக நின்றது. எது நிஜம் என்று கண்ணை இடுக்கினாள். அதற்குள் காரோவ் திரும்பக் குறுக்கே வந்துவிட்டான். சரி, மறுபடி ஒதுங்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

இடது பக்கம் வெடி கேட்டது. காரோவ் சுருண்டு விழுந்தான். பன்றி அவனைத் தாண்டிக் கீழே ஓடியது. கீழே நின்ற ராதோமிர் அதைச் சுட்டுச் சாய்த்தான்.

புதரோரத்தில் மிலுதின் நின்றான். தன் இடத்தை விட்டு, குரைப்பைக் கேட்டு ஆசைப்பட்டு இறங்கி வந்திருக்கிறான் படுபாவி.

"கறுப்பா மயிர் தெரிஞ்சுது அண்ணி. ஸ்கோப் பூரா மயிருதான். பன்னின்னு நெனச்சேன்."

அவள் துப்பாக்கியை முதுகில் மாட்டினாள். காரோவைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினாள். யாரோ கைகொடுக்க வந்தார்கள். போடா அந்தப் பக்கம் என்று தள்ளினாள். மிலுதின் மேல் எவ்வளவு கோபமோ, ஒதுங்கிய நேரத்தில் சுடாத தன் கண்ணின் மேலும் அவ்வளவு கோபம்.

புல்வெளியில் பன்றியை அறுத்துக் கூறு போட்டார்கள். தலையை எடுத்து ஓரமாக வைத்தார்கள். பக்கத்திலேயே காரோவைக் கிடத்தியிருந்தாள். கூறு பிரிக்கும் வழக்கப்படி ராதோமிர் மரத்தைப் பார்த்து, முதுகு காட்டி நின்றான். ஒருவன் ஒவ்வொரு கூறாகக் கத்தியை நீட்டி, "இது யாருக்கு?" என்று கேட்பான். ராதோமிர் பார்க்காமலே பெயர் சொல்வான். பன்றியை மடக்கிய நாய்க்கும் அதில் ஒரு கூறு உண்டு.

"இது யாருக்கு?"

"மிலுதினுக்கு."

"இது?"

"காரோவுக்கு," என்றான் ராதோமிர், பழக்கதோஷத்தில். சொன்ன பிறகுதான் உறைத்தது. திரும்பவே மாட்டாமல் மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஸ்தமேனா எழுந்தாள். நேராக மிலுதினிடம் போய்க் கையை நீட்டினாள்.

"துப்பாக்கியைக் குடு."

"அண்ணி, வேண்டாம்..."

"குடுடா."

தோட்டாவைக் கழற்றிவிட்டுக் கொடுத்தான். கல்லில் அடித்து உடைக்கப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். உடைத்திருந்தாலும் ஒருவரும் குறுக்கே வந்திருக்க மாட்டார்கள். அவள் ஸ்கோப்பில் உருவத்தைப் பெரிதாக்கும் வளையத்தைப் பார்த்தாள். அது கடைசி எண்ணில் நின்றது. காலையில் எதிர்மலையில் மான் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தவன், புதருக்கு வரும்போது அதைத் திருப்பவே இல்லை. அவ்வளவு கிட்டத்தில் மயிரைத் தவிர வேறென்ன தெரியும்? அவள் இரண்டு விரலால் திருப்பினாள். கடைசிவரை குறைத்துக் கண்ணில் வைத்தாள்.

கண்ணாடிக்குள் குறி பார்க்கும் குறுக்குக் கோடு ஒன்றாகத் தெரிந்தது. கூர்மையாக, அசையாமல், ஒன்றே ஒன்றாக. எத்தனை நாளாயிற்று இப்படிப் பார்த்து! வீம்புக்காரி, வீம்புக்காரி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"நல்லாத் தெரியுதுடா," என்றாள். "பன்னித் தலை தெரியுது. காரோவ் தெரியிறான். ரெண்டுக்கும் நடுவுல புல்லு தெரியுது. கண்ணாடி மேல தப்பில்ல."

துப்பாக்கியை அவன் தோளில் வைத்து, அவன் தலையைப் பிடித்து ஸ்கோப்பில் அழுத்தினாள்.

"இப்பப் பாரு. எது நாயி, எது பன்னி?"

மிலுதின் பார்த்தான். தோள் குலுங்கியது. கண்ணை எடுக்கப் போனான்.

"எடுக்காத," என்றாள் ஸ்தமேனா.