ஏழுமலையின் மொட்டைத் தலை

கிரிமினல் வக்கீல் தொழிலில் அரசு வக்கீலைக்கூடச் சமாளித்துவிடலாம். கட்சிக்காரரைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. என்னைப் போல சித்தூருக்கும் திருப்பதிக்கும் கறுப்புக் கோட்டோடு பஸ்ஸில் அலைகிறவர்களே, உங்களுக்குத் தெரியாததா?

ஒத்துக்கொண்டால் போதுமாம்

ஏழுமலை மாந்தோப்பில் கூலி வேலை செய்பவர். தோப்பு போர்வெல்லின் காப்பர் வயரைத் திருடியதாக அவர் மேல் வழக்கு. இருட்டில் திருடனின் முடியைக் கொத்தாகப் பிடித்தேன், திமிறிக்கொண்டு ஓடிவிட்டான், அது ஏழுமலைதான் என்றார் தோப்புக் காவலாளி. இலவசச் சட்ட உதவியில் வழக்கு என்னிடம் வந்தது.

"எடுத்தீங்களா?" என்றேன்.

"இல்ல லாயரம்மா. ஆனா ஜட்ஜு கேட்டா எடுத்தேன்னு சொல்லிடப் போறேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஜெயிலுக்குப் போக நேரும், அப்புறம் எந்தத் தோப்பில் வயர் போனாலும் போலீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும் என்று கத்தினேன். அவர் அசரவில்லை.

"வாயிதா வாயிதான்னு கூலி போய்க்கினே கீது. ஒத்துக்கினா ஒரே நாள்ல உட்டுடுவாங்களாமே?"

சாமிக்குக் கொடுத்தது

அவர் மனைவி கன்னியம்மாவிடம் பேசியபோதுதான் விஷயமே தெரிந்தது. மகள் காய்ச்சலிலிருந்து பிழைத்ததற்காக ஏழுமலை திருமலையில் மொட்டை போட்டு வந்திருக்கிறார். வயர் திருட்டுப் போனது அதற்கு அடுத்த சில நாட்களில்! வழக்கு என் கைக்கு வருவதற்குள் முடி வளர்ந்துவிட்டது.

"இதை ஏன் சொல்லலை?" என்று ஏழுமலையிடம் கேட்டேன். "சாமிக்குக் குடுத்தத கேஸுக்கு இழுத்தா, திருப்பிக் கேட்ட மாதிரி ஆவாதா?" என்றார் அவர். செய்யாத தப்புக்கு உங்களை உள்ளே அனுப்பமாட்டேன் என்று நானும் பிடிவாதமாக நின்றேன். கடைசியில் கன்னியம்மாதான் அவரை மடக்கினார்.

"சாமி உன் முடியத்தான எடுத்துக்கினாரு, நாயத்தையுமா எடுத்துக்கினாரு?"

எஸ்.ஐ. சொன்ன பதில்

நீதிபதி கேட்டபோது ஏழுமலை "எடுக்கல" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

விசாரணையில் காவலாளியிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். கை நிறைய முடி என்று அடித்துச் சொன்னார். அடுத்து, மறுநாள் காலை ஏழுமலையைப் பிடித்த எஸ்.ஐ.யிடம், அப்போது அவர் தலை எப்படி இருந்தது என்று கேட்டேன். மொட்டை என்றார், உள்ளதை மறைக்காமல். உங்களுக்குச் சந்தேகமே வரவில்லையா என்றார் நீதிபதி. எஸ்.ஐ. தெலுங்கில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"பக்கத்துல திருப்பதிய வெச்சுக்கிட்டு மொட்டையப் பார்த்துச் சந்தேகப்பட்டா, பாதி ஊரை உள்ள போடணும் சார்!"

தீர்ப்பு நாள்

திருடிவிட்டு விடிவதற்குள் மழித்துக்கொண்டிருக்கலாமே என்றார் அரசு வக்கீல். விடுவேனா? ஏழுமலையோடு மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரரைக் கூண்டில் ஏற்றினேன். குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று ஏழுமலையை விடுதலை செய்தார் நீதிபதி.

அதைத் தமிழில் சொன்னதும் கன்னியம்மா அழுதார். எனக்கும் கண் கலங்கியது. ஏழுமலை மட்டும் தெளிவாக இருந்தார்.

"இன்னொரு மொட்டை வேண்டிக்கினேன் லாயரம்மா. இந்த வாட்டி போட்டோ புடிச்சி உங்க கைல குடுத்துட்றேன், எதுக்கும் வெச்சுக்கங்க!"

குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பை அரசுத் தரப்பிடம் கொடுத்திருக்கிற சட்டம், நீங்கள் நிரபராதிதான் என்று கட்சிக்காரரை நம்பவைக்கும் பொறுப்பை மட்டும் வக்கீல் தலையில் கட்டிவிட்டது.