கம்பத்து வெள்ளை அம்பாசிடர்

தேனியில் கார் அலங்காரச் சாமான் கடை வைத்திருக்கிறேன். கம்பத்தில் வாடகைக்கு ஓட்டும் ஒருவர், பழைய வெள்ளை அம்பாசிடரில் வருவார். வைப்பர் மட்டும் வாங்குவார். தோள் துண்டால் பானெட்டை ஒரு துடை துடைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

“குரோம் பட்டி, குஞ்சம், கலர் லைட்டு போட்டா ஊரே திரும்பிப் பாக்கும்ணே” என்றேன் ஒருநாள்.

“கல்யாணத்துக்கும் இதத்தான் கூப்பிடுறாக, எழவு வீட்டுக்கும் இதத்தான் கூப்பிடுறாக. பூவுன்னா அவுத்துப் போட்ரலாம் தம்பி. இதையெல்லாம் கழட்ட முடியுமா?”

எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அம்மா இறந்த அன்று, சித்தியை ஏற்றிக்கொண்டு அதே கார் எங்கள் வாசலுக்கு வந்தது. காலையில் ஏதோ கல்யாணத்துக்குப் போயிருக்கும்போல. கதவுக் கைப்பிடியில் அறுந்த மல்லிகைச் சரம் ஒன்று தொங்கியது. டிரைவர் அவசரமாக இறங்கி வந்து அதை அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகுதான் சித்திக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

அதற்கப்புறம் வைப்பரைத் தவிர வேறெதையும் நான் அவருக்கு எடுத்துக் காட்டியதில்லை.