எரிந்த பாடப்புத்தகம்

“சில பூக்களில், தன் செடியின் மகரந்தத்தைச் சூலகமுடி ஏற்காது” என்று மகள் சத்தமாகப் படித்தாள். முத்தையாபுரத்தில் என் பிறந்த வீட்டில் அன்று காகிதம் எரிந்த வாடை எனக்கு அப்படியே வந்தது.

பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த செல்வி அக்காவைத் தாய்மாமனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். இதே வரியை அவள் அப்பாவிடம் வாசித்துக் காட்டினாள்.

“பூகூடச் சொந்தத்த ஏத்துக்க மாட்டேங்குப்பா.”

“ஏளா, எனக்கே பாடம் எடுக்கியா?” அப்பா புத்தகத்தைப் பிடுங்கி அடுப்பில் போட்டார்.

அக்காவுக்குப் பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. சொந்தத்தில் கட்டியதுதான் காரணம் என்றார் டாக்டர். அப்பா என்னை ஆத்தூரில், உறவில்லாத குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார்.

கல்யாணத்தன்று எனக்குத் தலை பின்னிவிட்ட அக்கா, “நான் படிச்சது உனக்குத்தாம்ளா உதவுச்சு” என்றாள்.

மகள் அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறாள். இந்தப் பதினேழு வருடத்தில் அக்கா அவளை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை.