நான் கொண்டுபோன கஞ்சி

அப்பாவின் வயிறு கெட்டது நான் கொண்டுபோன கஞ்சியாலா, அவருக்குப் போட்ட மருந்தாலா? இருபது வருடமாகியும் எனக்குத் தெரியவில்லை.

அப்போது எனக்குப் பதினோரு வயது. நுரையீரலில் சளி கட்டி, அம்பத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியின் ஐ.சி.யு.வில் அப்பா நினைவில்லாமல் கிடந்தார். மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய். அதில் ஊற்றும் கஞ்சியை வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அம்மா ஆஸ்பத்திரியிலேயே இருந்ததால், கள்ளிக்குப்பம் வீட்டில் அத்தைதான், அப்பாவின் தங்கை, ராகிக் கஞ்சியைப் பால் விட்டுக் காய்ச்சுவாள். துணியில் இரண்டு முறை வடிகட்டி, தூக்குவாளியில் ஊற்றித் தருவாள். சைக்கிளில் எடுத்துப்போவது என் வேலை.

"வழில எங்கியும் நிக்காத. வெயில்ல கெட்டுப்பூடும்" என்று தினமும் சொல்வாள்.

அன்று நின்றேன். தோழி வீட்டு நாய் குட்டி போட்டிருந்தது. தூக்குவாளி வெயிலில், சைக்கிள் கைப்பிடியில் தொங்கியது. நான் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். பஞ்சர் என்று அம்மாவிடம் சொன்னேன். நர்ஸ் அவசரமாக வாங்கி ஊற்றிவிட்டார்.

சாயங்காலம் அப்பாவின் வயிறு கல் மாதிரி உப்பியது. பேதி நிற்கவில்லை. மூன்றாவது முறை விரிப்பு மாற்றியபோது வாடை கதவைத் தாண்டி வந்தது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

குழாயில் ஊற்றுவதை நிறுத்திவிட்டார்கள். "கொழாய்ல குடுத்தா சில பேருக்கு இப்படி ஆவும்மா. ஆன்டிபயாடிக்காலயும் ஆவும்" என்றார் டாக்டர். அம்மா காதில் அது ஏறவில்லை. அத்தை வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாத்தடி காய்ச்சி அனுப்புன? உங்க அண்ணன் உசுருடி அது!"

"எப்பவும் போலத்தான் அண்ணி. சுடச்சுடத்தான் குடுத்தேன்." அத்தை என் பக்கம் திரும்பினாள். "நேராதான கண்ணு வந்த?"

"ஆமா அத்தை."

அத்தை காலித் தூக்குவாளியைக் குழாயடிக்கு எடுத்துப்போய், மூடியைத் திறந்து முகர்ந்தாள். பிறகு வெகுநேரம் கழுவினாள். சுத்தத்துக்காக என்று நினைத்தேன்.

அப்பா பிழைத்து வந்தார். ஆனால் அத்தை அதன்பின் எங்கள் வீட்டு அடுப்புப் பக்கம் போனதே இல்லை. விசேஷங்களில் காய் நறுக்கிக் கொடுத்துவிட்டு எழுந்துவிடுவாள்.

அடுத்த வாரம் என் மகனுக்கு முதல் சோறு. அத்தைதான் குழைய வடித்துத் தர வேண்டும் என்று கேட்டேன். "வாணாம்மா. கொழந்த வயிறு. நீயே ஆக்கிடு" என்றாள்.

மகனின் பால் புட்டியை மூன்று முறை முகர்ந்து பார்த்த பிறகே வாயில் வைக்கிறவள் நான். அன்று குழாயடியில் அத்தைக்கு என்ன தெரிந்திருக்கும் என்பது இப்போது புரிகிறது. தெரிந்தும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அத்தையிடம் தனியாகச் சொல்வதா, அம்மாவையும் உட்காரவைத்துச் சொல்வதா? நீங்களாக இருந்தால் எப்படி ஆரம்பிப்பீர்கள்? சோறூட்டுக்கு முன்னால் யாராவது சொல்லுங்கள்.